ஓல்சா ஆற்றங்கரைச் சிற்றூரை வாசிப்பது எப்படி?

செக் குடியரசின் வடகிழக்கு மூலையில், போலந்தும் ஸ்லோவாக்கியாவும் நெருங்கி வரும் பெஸ்கிட் மலையடிவாரத்தில், ஹ்ராடெக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஓல்சா ஆறும் சாலையும் இருப்புப்பாதையும் அருகருகே செல்லும் பள்ளத்தாக்கில் அமைந்த அவ்வூரின் மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. போலிஷ்காரர்கள் அதே ஊரை க்ருடெக் என்பார்கள். 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தம் தேசிய இனம் போலிஷ் என்று எழுதினார்கள். இதே பள்ளத்தாக்கிலும் இதைச் சுற்றிய மலைச்சரிவுகளிலும் பிஸ்ட்ரிட்சே, வென்ட்ரிஞே, நாவ்சீ, மிலீகோவ், கோஷார்ஷிஸ்கா, நாட்டின் கிழக்குக் கோடி ஊராட்சியான புகோவெட்ஸ் என்று இதே இயல்புடைய ஊர்கள் பல உள்ளன. இத்தகைய ஊர் ஒன்றுக்கு ஓரிரு நாள் சென்று, அதைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அதைப் புரிந்துகொண்டு திரும்ப விரும்புவோருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். 'போலிஷ் சிறுபான்மையினர்' என்றதும் போலந்திலிருந்து வேலை தேடி வந்து குடியேறியவர்கள் என்று நினைக்கத் தோன்றும். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த கர்வினா பகுதிக்கு அவ்வாறு வந்தவர்கள் உண்டு. ஆனால் ஹ்ராடெக் போன்ற மலையடிவார ஊர்களின் பழைய குடும்பங்கள் எங்கிருந்தும் வந்தவையல்ல. அவை தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தன, எல்லைக்கோடுதான் அவற்றின்மேல் இங்குமங்கும் நகர்ந்தது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், ஊரில் காணும் பலகையும் கல்லறையும் பள்ளியும் பேச்சும் ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்கும்.

புறப்படுவதற்கு முன்: ஒரு தாளில் ஆண்டுகள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இடப்பக்கம் ஆண்டுகளையும் வலப்பக்கம் அவ்வாண்டுகளில் அலுவலகத்தில் வழங்கிய மொழியையும் எழுதிக்கொள்ளுங்கள். இது பள்ளிப் பயிற்சி போலத் தோன்றினாலும், பின்னால் எந்த ஆவணத்தையும் எந்தக் கல்வெட்டையும் பார்த்தவுடன் அது எக்காலத்தது என்று ஊகிக்க இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை.

இவ்வூர்களை உள்ளடக்கியிருந்த சியெஷின் சிற்றரசு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி, 1327-இல் பொஹீமிய அரசின் மேலாதிக்கத்தை ஏற்றது. பியாஸ்ட் மரபின் கடைசி ஆட்சியாளரான எலிசபெத் லுக்ரீசியா 1653-இல் இறந்ததும் அது ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபினரிடம் சென்றது. 1742-இல், இச்சிற்றரசும் அடங்கிய சிலேசியா என்ற நிலப்பரப்பின் பெரும்பகுதியைப் பிரஷ்யா பறித்துக்கொண்டபோதும் இப்பகுதி ஆஸ்திரியாவிடமே தங்கியது. ஆகவே 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் மேலதிகாரக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் இருக்கும்.

உங்கள் தாளில் அதிக இடம் ஒதுக்க வேண்டியது 1918 முதல் 1958 வரையான நாற்பது ஆண்டுகளுக்கு. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தபோது, உள்ளூர்ப் போலிஷ் மன்றமும் உள்ளூர்ச் செக் குழுவும் 1918 நவம்பர் 5 அன்று தமக்குள் ஒரு தற்காலிகப் பிரிவினைக்கு உடன்பட்டன. 1919 ஜனவரி 23 அன்று செக்கோஸ்லோவாக்கியப் படை முன்னேறியது; ஏழு நாள் போர் என்று அழைக்கப்படும் மோதல் நிகழ்ந்தது. பொதுவாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லப்பட்டது, அது நடக்கவேயில்லை. 1920 ஜூலை 28 அன்று வெற்றி பெற்ற வல்லரசுகளின் தூதர் மாநாடு ஓல்சா ஆற்றையொட்டிக் கோடு கிழித்தது. சியெஷின் நகரமே இரண்டானது: கோட்டையும் பழைய சந்தைச் சதுக்கமும் போலந்துக்கும், இரயில் நிலையம் இருந்த மேற்குக் கரை செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் போயின. ஸ்லோவாக்கியாவை இணைக்கும் முதன்மையான இருப்புப்பாதை அவ்வழியே சென்றதும், சுரங்கங்கள் மேற்கே இருந்ததும் அந்த முடிவின் பின்னணி. 1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிற்றரசுப் பகுதி முழுவதிலும் போலிஷ் பேசியோர் ஏறத்தாழ 55 விழுக்காடு, செக் பேசியோர் 27 விழுக்காடு, ஜெர்மன் பேசியோர் 18 விழுக்காடு. அந்த எண்ணிக்கையை வைத்து வாதிட்டவர்களுக்கு இரயில் பாதையை வைத்து விடை தரப்பட்டது.

செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்படிக்கையைத் தொடர்ந்து போலந்து இறுதி எச்சரிக்கை விடுத்து, 1938 அக்டோபர் 2 முதல் இப்பகுதிக்குள் படையை அனுப்பியது. ஓராண்டுகூட முடியாமல், 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மானியர் வந்தார்கள். 1945-இல் செக்கோஸ்லோவாக்கியா திரும்பியது. எல்லை குறித்த இறுதி ஒப்பந்தம் 1958 ஜூன் 13 அன்றுதான் கையெழுத்தானது. ஹ்ராடெக்கில் 1910-இல் பிறந்து 1960 வரை வாழ்ந்த ஒருவர், ஊரைவிட்டு வெளியேறாமலே ஆஸ்திரியா-ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து, ஜெர்மனி, மீண்டும் செக்கோஸ்லோவாக்கியா ஆகிய ஆட்சிகளில் வாழ்ந்திருப்பார். அவருடைய பிறப்புச் சான்றும், பள்ளிச் சான்றும், போர்க்கால அடையாள அட்டையும், ஓய்வூதியப் புத்தகமும் வெவ்வேறு மொழிகளில் இருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பெயர்களை எழுதும் முறை

ஒவ்வோர் ஊருக்கும் இரு பெயர்கள் உண்டு என்பதால், குறிப்பேட்டில் முதலிலிருந்தே இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லையேல் ஒரே ஊரை இரண்டு ஊர்களாக எண்ணிக் குழம்புவீர்கள். சில எளிய ஒலி விதிகள் உதவும். செக் மொழியில் 'ஹ' ஆக ஒலிப்பது பல சொற்களில் போலிஷில் 'க' ஆக நிற்கும். ஹ்ராடெக், க்ருடெக் என்பவை அவ்வாறு இணைந்தவை. போலிஷில் மேலே கோடிட்ட 'ஓ' எழுத்தை 'உ' என்றே ஒலிக்க வேண்டும். குறுக்குக் கோடிட்ட 'எல்' எழுத்து 'வ' போல ஒலிக்கும். எனவே யாப்லுன்கோவ் என்று செக்கில் வழங்கும் சிறுநகரம் போலிஷில் யாப்வொன்குஃப் ஆகிறது. செக்கர்கள் தலையில் கொக்கியிட்ட ஒற்றை எழுத்தால் காட்டும் 'ஷ' ஒலியைப் போலிஷ்காரர்கள் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக் காட்டுவார்கள். ஆகவே ஒரே குடும்பப் பெயர் இரண்டு எழுத்துமுறைகளில் வரலாம். தமிழில் எழுதும்போது அவ்வேறுபாடு மறைந்துபோகும். ஆகவே பலகையிலோ கல்லறையிலோ உள்ள எழுத்துகளை அப்படியே படியெடுத்து, அருகில் தமிழ் ஒலிப்பை எழுதுவது நல்லது.

பகுதியின் பெயரிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. போலிஷில் இதை ஸாவோல்ஜே, அதாவது 'ஓல்சாவுக்கு அப்பால்' என்பார்கள். ஆற்றுக்கு அப்பால் என்று சொல்பவர் ஆற்றின் கிழக்கே நின்று பேசுகிறார் என்பது சொல்லிலேயே தெரிகிறது. செக் பேசுவோர் பலருக்கு 1938-ஐ நினைவூட்டும் இச்சொல் பிடிக்காது. அவர்கள், சியெஷினின் செக் பெயரைக் கொண்டு, த்யேஷீன் பகுதி என்றே சொல்வார்கள். பேசும்போது ஊரின் பெயரையே சொல்லிவிடுவது பாதுகாப்பானது.

கணக்கெடுப்பு எண்களை நம்பும் அளவு

ஊரைப் பற்றித் தேடும்போது முதலில் கிடைப்பவை விழுக்காடுகள்தாம். அவற்றை ஒதுக்க வேண்டாம். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் இருந்த கேள்வி என்ன என்று கேளுங்கள். ஆஸ்திரிய ஆட்சியின் 1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தேசிய இனத்தைக் கேட்கவில்லை. அன்றாடம் பேசும் மொழியைக் கேட்டது. 1921-இல் செக்கோஸ்லோவாக்கியா தேசிய இனத்தைக் கேட்டது. ஒரே ஊரின் இந்த இரு எண்களைப் பக்கத்தில் வைத்து, பதினோர் ஆண்டுகளில் இத்தனை பேர் மறைந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவது இப்பகுதி வரலாற்றில் மிகப் பரவலான பிழை. அக்காலத்தில் தம்மைப் போலிஷ் என்றும் செக் என்றும் சொல்லாமல் சிலேசியர் என்றே சொல்லிக்கொண்டவர்களும் பெருந்தொகையினர். 1923 முதல் 1938 வரை செக்கோஸ்லோவாக்கியப் பக்கத்து நகரமான செஸ்கி த்யேஷீனின் மேயராக இருந்த யூசெஃப் கோஜ்டோன் அவர்களின் அரசியல் தலைவர்.

இன்றைய செக் கணக்கெடுப்பில் தேசிய இனம் பற்றிய கேள்விக்கு விடையளிப்பது அவரவர் விருப்பம். நாடு முழுவதிலும் போலிஷ் என்று எழுதியோர் 2001-இல் ஏறத்தாழ 52,000 பேர், 2011-இல் ஏறத்தாழ 39,000 பேர். 2021-இல் போலிஷ் என்று மட்டும் எழுதியோர் ஏறத்தாழ 27,000 பேராகக் குறைந்தனர். ஆனால் போலிஷையும் மற்றோர் இனத்தையும் சேர்த்து எழுதியவர்களைக் கூட்டினால் அத்தொகை 38,000-ஐ எட்டுகிறது. முதல் எண்ணை மட்டும் எடுத்தால் சரிவு, இரண்டாவதை எடுத்தால் ஏறக்குறைய நிலைத்த தொகை. இவை ப்ராக் முதலிய நகரங்களுக்கு அண்மையில் வேலைக்கு வந்தவர்களையும் உள்ளடக்கிய நாடளாவிய எண்கள் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே ஊராட்சி அளவிலான எண்ணைத் தேடி எடுத்து, அதனருகே ஆண்டையும் விடையளிக்காதோரின் பங்கையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்று சேர்தல்

இதில் சிக்கல் இல்லை. ஒஸ்ட்ராவாவிலிருந்து செஸ்கி த்யேஷீனுக்கு இரயில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து ஸ்லோவாக்கியா நோக்கிச் செல்லும் அதே பாதையில் ட்ரினெட்ஸ், வென்ட்ரிஞே, பிஸ்ட்ரிட்சே, ஹ்ராடெக், நாவ்சீ என்று நிலையங்கள் வரிசையாக வரும். போலந்து வழியாக வந்தால் சியெஷினில் இறங்கிப் பாலத்தைக் கடந்து நடந்தே வரலாம். இரு நாடுகளும் 2007 டிசம்பர் 21 முதல் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஒரே விசா போதும். எனினும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். கிழக்குக் கரையில் போலிஷ் நாணயமான ஸ்வோட்டி, மேற்குக் கரையில் செக் நாணயமான கொருனா. சிற்றூர்க் கடைக்குக் கொருனா சில்லறையோடு செல்வதே முறை.

ஊருக்குள் முதல் நடை

ஊர் எல்லைப் பலகையிலிருந்து தொடங்குங்கள். 2000-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, கடைசிக் கணக்கெடுப்பில் குறைந்தது 10 விழுக்காட்டினர் சிறுபான்மைத் தேசிய இனத்தை எழுதிய ஊராட்சியில், சிறுபான்மையினரின் சங்கம் எழுத்தில் கேட்டால், அவர்களுக்கான குழு அமைய வேண்டும். ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் பொது அலுவலகப் பலகைகளும் இரு மொழியில் அமைவதற்கான வழியும் அங்கு உண்டு. சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியப் பட்டயம் செக் குடியரசில் 2007 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் இரட்டைப் பலகைகள் பெருகின. சில இடங்களில் போலிஷ் வரியின்மேல் சாயம் பூசப்பட்ட நிகழ்ச்சிகளும் நடந்தன. சட்டம் உரிமை தருகிறது; பலகையை நடுவதா வேண்டாமா என்பது உள்ளூர் மனநிலையைப் பொறுத்தது. ஆகவே பலகை இல்லாத ஊரில் போலிஷ்காரர் இல்லை என்றோ, பலகை உள்ள ஊரில் பூசல் இல்லை என்றோ கொள்ள வேண்டாம். எந்தெந்தக் கட்டடங்களில் இரு மொழியும் உள்ளன, எவற்றில் செக் மட்டும் உள்ளது என்று குறித்துக்கொண்டே நடந்தால், ஊராட்சி அலுவலகம், அஞ்சலகம், கடை, தீயணைப்புச் சங்கம் ஆகியவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு தானாகவே தெரியவரும்.

அடுத்து அறிவிப்புப் பலகைகள். இங்கு 'பெ-ஸெட்-கா-ஓ' என்ற சுருக்கப் பெயரை அடிக்கடி காண்பீர்கள். 1947-இல் தொடங்கப்பட்ட போலிஷ் பண்பாட்டு-கல்விச் சங்கம் அது. செஸ்கி த்யேஷீனில் தலைமையகம் இருந்தாலும், அதன் உயிர் ஊர்க்கிளைகளில்தான் இருக்கிறது. பல ஊர்களில் கிளைக்குச் சொந்தமான இல்லம் ஒன்று இருக்கும்; பாடகர் குழுப் பயிற்சி, நாடகம், குளிர்கால நடன விருந்து, முதியோர் சந்திப்பு எல்லாம் அங்கேதான். அதன் கதவில் ஒட்டியிருக்கும் அடுத்த மாத நிகழ்ச்சிப் பட்டியலைப் படிப்பது, என் மதிப்பீட்டில், எந்தப் புள்ளிவிவர அட்டவணையைவிடவும் ஊரின் நிலையை நன்றாகச் சொல்லும். பட்டியல் நீளமாக இருந்தால் விழுக்காடு குறைந்த ஊரும் உயிர்ப்போடிருக்கிறது என்று பொருள்.

பள்ளிக்கு வந்தால், ஒரே சிற்றூரில் இரண்டு தொடக்கப் பள்ளிகள் இருப்பதைக் காணலாம். ஒன்று செக், மற்றொன்று போலிஷ். போலிஷ் பள்ளி தனியார் நிறுவனமன்று. ஊராட்சி நடத்தும் பொதுப்பள்ளி, பாடங்கள் போலிஷில் நடக்கும், செக் மொழியும் கற்பிக்கப்படும். 2004-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறுபான்மை மொழி வகுப்புக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தாழ்த்தி வைத்திருக்கிறது: மழலையர் வகுப்புக்கு 8 குழந்தைகள், அடிப்படைப் பள்ளி வகுப்புக்கு 10 மாணவர்கள். சிறிய ஊர்களில் முதல் ஐந்து வகுப்புகள் மட்டும், அவையும் சில வேளைகளில் ஒரே அறையில் இரண்டு வகுப்புகளாக நடைபெறும். பிறகு பிள்ளைகள் பிஸ்ட்ரிட்சே அல்லது யாப்லுன்கோவ் போன்ற பெரிய ஊர்ப் பள்ளிக்குச் சென்று, விரும்பினால் செஸ்கி த்யேஷீனில் உள்ள போலிஷ் உயர்நிலைப் பள்ளியில் சேர்வார்கள். கலப்பு மணக் குடும்பங்கள் எப்பள்ளியைத் தேர்கின்றன என்பதே இவ்வூர்களின் வருங்காலத்தை முடிவு செய்கிறது. பள்ளி வேலிக்கு வெளியே நின்று குழந்தைகளைப் படமெடுப்பதைத் தவிர்க்கவும். உள்ளே செல்ல வேண்டுமெனில் முன்னதாகத் தலைமையாசிரியருக்கு எழுதிக் கேட்பதே வழி.

தேவாலயமும் கல்லறைத் தோட்டமும்

போலிஷ்காரர் என்றால் கத்தோலிக்கர் என்ற சூத்திரம் இங்கு செல்லாது. இப்பள்ளத்தாக்கில் புராட்டஸ்டண்ட் பிரிவான லூத்தரன் மரபு வேரூன்றியது. கத்தோலிக்க மறுசீரமைப்புக் காலத்தில் லூத்தரன்களின் தேவாலயங்கள் பறிக்கப்பட்டன. 1707-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயனாகச் சியெஷினில் ஒரே ஒரு பெரிய லூத்தரன் தேவாலயம் கட்ட அனுமதி கிடைத்தது. 1709-இல் பணி தொடங்கிய அத்தேவாலயத்துக்கு மலையூர் மக்கள் பல மணி நேரம் நடந்து சென்றார்கள். 1781-இல் சமயப் பொறுமை ஆணை வந்தபின், 1782 முதல் பிஸ்ட்ரிட்சே, கொமோர்னீ ல்ஹோட்கா போன்ற ஊர்களில் வழிபாட்டு மனைகள் எழுந்தன. கோபுரமும் மணியும் அவற்றுக்கு மறுக்கப்பட்டிருந்தன. ஆகவே இவ்வூர்களில் லூத்தரன் தேவாலயம் ஒன்றைப் பார்த்தால், கோபுரமும் உடற்பகுதியும் ஒரே காலத்தவையா என்று கவனியுங்கள். கோபுரம் பிற்காலத்தது எனில் அக்கட்டடம் தன் வரலாற்றைத் தானே சொல்லிவிட்டது. வாயிலில் ஒட்டியுள்ள வழிபாட்டு நேரப் பட்டியலில் எந்தெந்த ஞாயிறு எந்த மொழியில் வழிபாடு என்று போட்டிருக்கும். கத்தோலிக்க ஆலயங்களிலும் இருமொழி வழக்கம் உண்டு.

அதன்பின் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லுங்கள்; அவசரமின்றி, குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செல்லுங்கள். பழைய கற்களில் ஜெர்மன் வாசகம் இருக்கலாம். போலிஷ் கல்லறை என்றால் பெயருக்கு முன்னால் 'புனித நினைவுக்குரிய' என்ற பொருளுடைய இரண்டெழுத்துச் சுருக்கம் வரும். பிறந்த நாளுக்கு முன்னால் போலிஷில் 'உர்' என்றும் செக்கில் 'நார்' என்றும் சுருக்கங்கள் நிற்கும். (முதல் சுருக்கத்தை இலத்தீன் எழுத்தில் பார்க்கும் தமிழர் எவருக்கும் 'ஊர்' என்று படிக்கத் தோன்றும்; அது 'பிறந்தார்' என்பதன் குறுக்கம் மட்டுமே.) பெண்களின் குடும்பப் பெயரில் செக் முறைப்படி 'ஓவா' விகுதி சேர்ந்துள்ளதா, இல்லையா என்று பாருங்கள். அதே குடும்பத்தின் தாத்தா போலிஷ் எழுத்திலும், மகன் செக் எழுத்திலும், மருமகள் 'ஓவா' விகுதியோடும் ஒரே கல்லில் இருக்கலாம். இதைக் கண்டவுடன் 'இக்குடும்பம் செக் ஆகிவிட்டது' என்று எழுதிவிட வேண்டாம். கல்லை வெட்டியவர் யார், அக்காலப் பதிவாளர் எந்த எழுத்தில் பெயரைப் பதிந்தார் என்பனவும் அவ்வெழுத்துமுறையை முடிவு செய்திருக்கக்கூடும்.

நினைவுக்கற்களைப் படிக்கும்போது உங்கள் ஆண்டுத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோனவாவில் 1919 ஜனவரியில் கொல்லப்பட்ட போலிஷ் வீரர்களின் நினைவிடம் உள்ளது. தெர்லிட்ஸ்கோவில் 1932 செப்டம்பர் 11 அன்று விமான விபத்தில் இறந்த போலிஷ் விமானிகள் ஃப்ரன்ட்சிஷெக் ஜ்விர்கோ, ஸ்டனிஸ்வாஃப் விகுரா ஆகியோரின் நினைவிடம் உள்ளது. இன்று ஹாவிர்ஷோவ் நகரத்துக்குள் அடங்கிவிட்ட ஷிவோட்டிட்சேயில் 1944 ஆகஸ்ட் 6 அன்று ஜெர்மானியர் 36 பேரைக் கொன்றார்கள். இறந்தவர்களில் போலிஷ்காரரும் செக்கரும் சேர்ந்தே இருந்தார்கள். எந்தக் கல் எந்த மொழியில், எந்த ஆட்சியில், யாரால் நிறுவப்பட்டது என்பதையும் சேர்த்துக் குறிக்காவிட்டால் பெயர்ப்பட்டியல் மட்டுமே மிஞ்சும்.

பேச்சைக் கேட்டல்

கடையிலும் பேருந்திலும் கேட்கும் பேச்சைப் பாடநூல் போலிஷ் என்றோ பாடநூல் செக் என்றோ வகைப்படுத்த முயன்றால் தோற்பீர்கள். அது 'போ நஷிமு', அதாவது 'நம்முடைய வழக்கு' என்று அவர்களே அழைக்கும் வட்டார மொழி. மொழியியலார் பெரும்பாலும் அதைப் போலிஷின் சிலேசியக் கிளையில் வைப்பார்கள். செக், ஜெர்மன் சொற்கள் அதில் தாராளமாகக் கலந்துள்ளன. அதைப் பேசுவோரில் தம்மைச் செக் என்று எழுதியவர்களும் உண்டு. பொதுச் செக்கில் சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழும், போலிஷில் கடைசிக்கு முந்தைய அசையில் விழும் என்று இலக்கணம் சொல்கிறது. ஆனால் ஒஸ்ட்ராவாவிலும் இப்பகுதியிலும் செக் பேசுவோரே போலிஷ் முறையில்தான் அழுத்துகிறார்கள். எனவே செவியால் ஒருவரின் இனத்தைக் கண்டுபிடிக்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

இரு மொழிகளும் நெருக்கமானவை என்பதாலேயே இடறல்களும் மிகுதி. ரொட்டிக் கடையில் செக் மொழியில் 'செர்ஸ்ட்வீ' என்றால் புதிதாகச் சுட்டது. ஒலியில் அதற்கு மிக நெருங்கிய போலிஷ் சொல்லுக்குப் பொருள் காய்ந்துபோன பழைய ரொட்டி. போலிஷில் நறுமணத்தைக் குறிக்கும் சொல் செக்கில் நாற்றத்தைக் குறிக்கும். போலிஷில் 'தேடுதல்' என்பதற்கான வினைச்சொல்லையோ செக்கர் நடுவே சபையில் சொல்லவே கூடாது. வழி கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அறிமுகமில்லாதவரிடம் செக்கில் வணக்கம் சொல்லித் தொடங்குவது இயல்பு. அவர் போலிஷில் விடை தந்தால், தெரிந்த அளவு போலிஷுக்கு மாறுங்கள். 'நீங்கள் போலிஷா, செக்கா?' என்பதை முதல் கேள்வியாக்க வேண்டாம். அக்கேள்வியை 1921-இலும் 1938-இலும் 1939-இலும் அரசுகள் கேட்டன. போர்க்காலத்தில் ஜெர்மானியர் நடத்திய இனப்பட்டியலில் எப்பிரிவில் கையெழுத்திட்டார் என்பதைப் பொறுத்து ஒருவர் சொத்தையும் உயிரையும் இழந்திருக்கலாம், ஜெர்மன் படைக்கும் இழுக்கப்பட்டிருக்கலாம். அதற்கு மாறாக, எந்தப் பள்ளியில் படித்தீர்கள், வீட்டில் பாட்டியோடு எப்படிப் பேசினீர்கள், எந்தச் செய்தித்தாள் வீட்டுக்கு வந்தது என்று கேளுங்கள். 1945 முதல் இங்கு வெளிவரும் போலிஷ் செய்தித்தாளின் பெயரை, அதாவது இன்று 'க்வோஸ்' என்றும் முன்பு 'க்வோஸ் லுடு' என்றும் அழைக்கப்படுவதை, அவர்களே சொல்லக்கூடும். உரையாடலில் 'ஸ்டெலா' என்ற வட்டாரச் சொல் வந்தால் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 'இங்கேயே பிறந்து வளர்ந்தவர்' என்பதே அதன் பொருள், இனப்பெயர் கேட்ட இடத்தில் பலர் தரும் விடையும் அதுதான்.

1938-ஐப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டாம். செக் குடும்பங்களுக்கு அது ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட ஆண்டு. போலிஷ் குடும்பங்கள் சிலவற்றுக்கு 1920-இல் நேர்ந்த அநீதி சரிசெய்யப்பட்ட ஆண்டு. இரண்டையும் கேட்டு எழுதலாம், தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் முதல் வார இறுதியில் வர முடிந்தால், யாப்லுன்கோவில் 1948 முதல் நடந்துவரும் 'கொரோல்ஸ்கி ஷ்வியெண்டோ' என்ற மலைவாழ் மக்கள் விழாவோடு பயணத்தை இணைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டார ஊர்க்கிளைகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கடை போட்டுத் தம் உணவையும் தேன் கலந்த மதுவையும் விற்கும். இருபது ஊர்களுக்குப் போய்ச் சந்திக்க வேண்டியவர்களை ஒரே தோப்பில் சந்தித்துவிடலாம். ஆனால் விழாவை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாரும் எந்நாளும் கம்பளி உடையில் பாடிக்கொண்டிருப்பதாக எழுதிவிடக் கூடாது. அவர்களில் பலர் திங்கட்கிழமை ட்ரினெட்ஸ் இரும்பாலைக்குப் பணிக்குத் திரும்புவார்கள்.

ஆவணங்கள்

ஊரின் பழமையை அறிய விரும்புவோர் 1305-ஆம் ஆண்டையொட்டி வ்ரோட்ஸ்வாஃப் ஆயர் மன்றம் தொகுத்த வரிப் பட்டியலிலிருந்து தொடங்கலாம். வென்ட்ரிஞே உள்ளிட்ட பல ஊர்களின் பெயர் முதன்முதலில் அதில்தான் எழுத்தில் வருகிறது. திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் ஒபாவாவில் உள்ள மண்டல ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் பெரும்பகுதியை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நூறாண்டுக்குட்பட்ட பிறப்புப் பதிவேடுகள் ஊர்ப் பதிவாளரிடமே இருக்கும். நேர் வழித்தோன்றல்கள் முதலியோர் மட்டுமே அவற்றைப் பார்க்க முடியும். இலத்தீன், பிறகு ஜெர்மன், பிறகு போலிஷ் அல்லது செக் என்று பதிவேட்டின் மொழி மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிரியார் மாறியதால் மொழி மாறியதா, ஆட்சி மாறியதால் மாறியதா என்பதை ஆண்டுத் தாள் சொல்லும்.

பலரும் தவறவிடுவது ஊர்க் குறிப்பேடு. ஒவ்வோர் ஊராட்சியும் தன் நிகழ்வுகளை ஆண்டுதோறும் எழுதி வைக்க வேண்டும் என்று 1920-லேயே செக்கோஸ்லோவாக்கியாவில் சட்டம் வந்தது. இன்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையைத் தொடர்கிறது, எவரும் ஊராட்சியில் பொறுப்பாளர் முன்னிலையில் அதைப் பார்வையிடலாம் என்றும் சொல்கிறது. பழைய தொகுதிகள் கர்வினா அல்லது ஃப்ரீடெக்-மீஸ்டெக் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கும். ஒரு வாரம் முன்னதாக ஊராட்சி அலுவலகத்துக்குச் செக்கில் சுருக்கமாக எழுதி, எந்த ஆண்டுகளின் பக்கங்கள் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பள்ளிகளும் தமக்கெனக் குறிப்பேடு வைத்திருந்தன. செக் பள்ளியின் குறிப்பேட்டையும் போலிஷ் பள்ளியின் குறிப்பேட்டையும் அதே ஆண்டுக்கு அருகருகே வைத்துப் படிக்க வாய்ப்புக் கிடைத்தால், வேறு எந்த வேலையையும் தள்ளிவைத்துவிட்டு அதைச் செய்யுங்கள். ஒரே தெருவில் நடந்த ஒரே நிகழ்ச்சியை இரண்டு ஆசிரியர்கள் எப்படி எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்பது அங்கே தெரியும்.

குறிப்பேட்டை மூடுவதற்கு முன், நீங்கள் எழுதிய ஒவ்வொரு 'போலிஷ்காரர்', 'செக்கர்' என்ற சொல்லுக்கும் அருகில் அதைச் சொன்னது யார் என்று சேர்த்து எழுதிவிடுங்கள்: அவரே சொன்னாரா, கணக்கெடுப்புத் தாள் சொன்னதா, கல்லறைக் கல்லா, பக்கத்து வீட்டுக்காரரா, அல்லது நீங்களே ஊகித்தீர்களா என்று. கடைசி வகையைச் சேர்ந்தவற்றை அடித்துவிடுங்கள்.